முட்டை வழியாக வந்தது

ஜூலை 13, வியாழன்

இன்றைய பொரிப்பு முப்பத்திரண்டாயிரம் குஞ்சு. எட்டுப் பேர் உட்கார்ந்து பதினொரு மணிக்குள் சேவல் வேறு, பெட்டை வேறாகப் பிரித்துக் கொடுத்துவிட்டோம். அதில் ஆறாயிரம் என் கை பார்த்தது. ஹேச்சரியில் கொடுத்த டைரியில் ஹேச்சரிக் கணக்கை மட்டும் எழுதலாம் என்றுதான் ஜனவரியில் ஆரம்பித்தேன். இப்போது வீட்டுக் கதையும் சேர்ந்துகொள்கிறது. பேச ஆள் இல்லாத வீட்டில் வேறென்ன செய்வது?

இருபத்தாறு வருடமாக இதே வேலை. பார்க்காதவர்களுக்கு மந்திரம் மாதிரி இருக்கும். மந்திரமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. பிறந்து ஒரு நாளே ஆன குஞ்சின் சிறகை விசிறி போல விரித்தால் இரண்டு வரிசை இறகு தெரியும். கீழ்வரிசை நீண்டிருந்தால் பெட்டை. இரண்டும் சமமாக இருந்தால் சேவல். பெட்டை முட்டைப் பண்ணைக்குப் போகும். சேவல், சாயம் பூசித் தெருவில் விற்கிறவர்களிடம் போய் நாலு நாளில் செத்துவிடும். ஒரு குஞ்சுக்கு இரண்டு நொடி, மிஞ்சினால் மூன்று. அதற்கு மேல் யோசிக்கிறவள் இந்த வேலைக்கு லாயக்கில்லை.

பண்ணைக்காரர் மாணிக்கவேல் செத்த கோழிகளைச் சாக்கில் கொண்டுவந்து ஆபீஸ் வாசலில் கொட்டினார். எங்களிடம் குஞ்சாக வாங்கியவைதான். ஐந்து மாதம் வரை நன்றாக இருந்துவிட்டு, கொண்டை வெளுத்து, இளைத்து இளைத்துச் சாகின்றனவாம். "தீவனத்தப் பாருங்க, தண்ணியப் பாருங்கன்னு இன்னும் எத்தன நாளைக்குத்தானுங்க சொல்லுவீங்க? எல்லாம் பாத்தாச்சு" என்று கத்தினார். புதிதாக வந்திருக்கும் கோழி டாக்டர் பெனிட்டா சாக்கை வாங்கிக்கொண்டு போனார். தூத்துக்குடிப் பெண். முப்பது வயது இருக்கும். இன்னும் கல்யாணம் ஆகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை திருச்செங்கோடு போய் மகள் பிரவீணாவை அழைத்துவர வேண்டும். தையில் கல்யாணமான பிள்ளைக்கு இது முதல் ஆடி. ஆடி முழுக்க என்னோடு இருப்பாள்.

ஜூலை 16, ஞாயிறு

சம்பந்தி வீட்டில் நல்ல மரியாதை. போர்வெல் வண்டி வைத்திருக்கும் குடும்பம், குறை சொல்ல முடியாது. மாப்பிள்ளை யுவராஜ் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் காரில் கொண்டுவந்து விட்டார். "ஒரு மாசம் இவளில்லாம எப்பிடி இருக்கறதுன்னே தெரியலீங் அத்தை" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். பிரவீணா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பஸ்ஸில் வழியெல்லாம் தூக்கம். போன் எங்கே என்று கேட்டேன். அவர் வைத்திருக்கிறாராம். இளைத்திருக்கிறாள். புதுப்பெண்கள் கொஞ்சம் இளைக்கத்தான் செய்வார்கள்.

ஜூலை 17, திங்கள்

ஆடி பிறந்தது. பொரிப்பு முப்பதாயிரம். பிரவீணா மதியம் வரை எழுந்திருக்கவில்லை.

ஜூலை 20, வியாழன்

வீட்டில் சும்மா படுத்துக் கிடக்கிறாளே என்று ஹேச்சரிக்குக் கூட்டிப்போனேன். இன்று ஒருத்தி லீவு. பிரவீணாவுக்கு இந்த வேலை தெரியும். பிளஸ் டூ லீவில் என் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டவள். என் கைவேகம் அவளுக்கும் உண்டு என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தேன்.

மானத்தை வாங்கிவிட்டாள். ஒரு குஞ்சுக்கு அரை நிமிடம் எடுக்கிறாள். சிறகை விரிக்காமல் குஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு விழிக்கிறாள். அவளுடைய சேவல் பெட்டியை எடுத்துப் பார்த்தால் பதினோரு பெட்டைக் குஞ்சு. சாயக்காரனிடம் போயிருக்கும். "கையில என்ன வெண்ணெயா இருக்குது?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டேன். எழுந்து போய்த் தண்ணீர்த் தொட்டியருகில் நின்றுகொண்டாள். பொரிப்பு நாளில் நான் எழுந்து போக முடியாது. மாலைக்குள் தடுப்பூசி போட்டு வண்டி ஏற்ற வேண்டும்.

டாக்டர் பெனிட்டா அவளோடு ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தார்.

ஜூலை 23, ஞாயிறு

பிரவீணாவின் வலது ஆள்காட்டி விரல் மடங்கவில்லை. சாம்பார் வாளியைத் தூக்கும்போதுதான் பார்த்தேன். கணு பக்கவாட்டில் புடைத்திருக்கிறது. எப்போது என்றேன். சித்திரையில் என்றாள். எப்படி என்றேன். "கதவுல மாட்டிக்கிச்சுங்கம்மா" என்றாள். கதவு என்றால் கதவுதான். நோண்டி நோண்டிக் கேட்டால் ஆயிரம் கதை வரும்.

வேப்பெண்ணெய் தடவி விட்டேன். தடவும்போது வேறு யோசனை. இவளுடைய அப்பா லாரிப் பட்டறையில் வெல்டராக இருந்தவர். கை பலமான கை. கோபம் வந்தால் என் மேல்தான் முதலில் நீளும். என் இடது தோள்பட்டை எலும்பு ஒருமுறை விட்டுப்போய், கட்டுப் போட்டுக்கொண்டே இரண்டாம் நாள் குஞ்சு பார்க்கப் போனேன். கீழே விழுந்ததாகச் சொன்னேன். எல்லோரும் நம்பினார்கள், நம்பியது மாதிரி இருந்தார்கள். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு நாள்கூடக் கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போனதில்லை. அவர் போய் நாலு வருடம் ஆகிறது. நல்ல மனுஷன்தான், கோபம் மட்டும்தான்.

ஜூலை 27, வியாழன்

மாணிக்கவேல் இன்று மறுபடி கொண்டுவந்த கோழியை அறுத்து வைத்திருந்தார் டாக்டர். ஈரல் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் அடைத்துக்கொண்டு, வெள்ளை வெள்ளையாய்க் கட்டி. இத்தனை வருடத்தில் பொரித்து அனுப்பியதோடு சரி, அனுப்பிய குஞ்சு என்ன ஆனது என்று நான் பார்த்ததே இல்லை. பார்த்திருக்க வேண்டாம் போலிருந்தது. மதியம் டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை.

ஜூலை 30, ஞாயிறு

டாக்டர் பெனிட்டா சாப்பிட வந்தார். பிரவீணாதான் அழைத்தாள், என்னைக் கேட்காமல். சரி, ஹாஸ்டல் சாப்பாடு சாப்பிடுகிற பெண், வந்துவிட்டுப் போகட்டும். மட்டன் எடுத்தேன்.

கோழி ஏன் சாகிறது என்று பிரவீணா கேட்டாள். டாக்டர் இலையில் விரலால் கோடு போட்டுக் காட்டினார். "எத்தனையோ தலைமுறைக்கு முன்னால ஒரு வைரஸ் கோழிக்குள்ள வந்துச்சு. வந்தது கொல்லல. கோழியோட மரபணுவுக்குள்ளயே போய் உக்காந்துக்கிடுச்சு. அப்புறம் தலைமுறை தலைமுறையா கோழியோட கோழியா வந்துட்டே இருக்கு. ஆடு, மாடு, பன்னி எல்லாத்துலயும் இப்படிப் பழசு கிடக்கு. நம்ம உடம்புலயும்தான்."

"நம்ம உடம்புலயுங்களா?" என்றேன்.

"நிறையவே இருக்கு அக்கா. பெரும்பாலும் ஒண்ணும் பண்ணாது. ஆனா நம்ம தாய்க்கோழில இருக்கிறது வேற மாதிரி. நீங்க சிறகுல பாக்கீங்கள்லா, மெதுவா முளைக்கிற இறகு, அந்த வைரஸ் உக்காந்திருக்கிறதே அந்த இடத்துலதான். அதை வச்சுத்தான் சேவல் எது பெட்டை எதுன்னு பிரிக்கீங்க."

இருபத்தாறு வருடமாக நான் விரித்துப் பார்த்தது ஒரு நோயின் கையெழுத்தாம்.

"மெதுவா மொளைக்கறது சேவலுக்குத்தானுங்களே, அப்ப அந்த மரபணு மகனுக்குத்தானே போவுது? செத்தது பெட்டைங்க தானுங்களே?" என்றாள் பிரவீணா. படிப்பில் கெட்டிக்காரி, பி.எஸ்சி. முடித்தவள்.

"அதுதான் விஷயம். மகளுக்கு மரபணுவுல வராது. முட்டை வழியா வரும். தாய்கிட்ட இருந்து அந்த வைரஸ் முட்டைக்குள்ள இறங்கிரும். ஓட்டுக்குள்ள இருக்கும்போதே குஞ்சுக்கு அது பழகிரும். இது நம்மளோடதுதான்னு உடம்பு எடுத்துக்கும். பின்னால வெளியில இருந்து அதே சாயல்ல ஒண்ணு வரும், நிசமாவே கொல்லுறது. அது எதிரின்னு அந்தக் கோழிக்குத் தெரியாது. சண்டையே போடாது."

"தாய்க்கோழிக்கு ஒண்ணும் ஆவாதுங்களா?"

"தாய் தாங்கிக்கிட்டு முட்டை போட்டுட்டே இருக்கும். மகள்கிட்டதான் தெரியும்."

பிரவீணா சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். "ரசம் ஊத்தட்டுமா கண்ணு?" என்றேன். வேண்டாம் என்றாள். எனக்கு அந்த டாக்டர் மேல் சுள்ளென்று கோபம் வந்தது. சாப்பிடுகிற இடத்தில் பேசுகிற பேச்சா அது?

ஆகஸ்ட் 3, வியாழன்

ஆடிப்பெருக்கு. பொரிப்பு இருந்ததால் ஆற்றுக்குப் போகவில்லை. மாப்பிள்ளை என் போனுக்குப் பதினாலு முறை கூப்பிட்டிருக்கிறார். அவள் எங்கே, யாரோடு இருக்கிறாள், வீட்டுக்கு யார் வந்தார்கள் என்று. இவ்வளவு பாசமாக இருக்கிற ஆளை நான் பார்த்ததில்லை. பிரவீணாவிடம் போனைக் கொடுத்தால் போர்வையை இழுத்து மூடிக்கொள்கிறாள். காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். இல்லை.

ஆகஸ்ட் 9, புதன்

அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"நான் இங்கியே இருந்துக்கறனுங்கம்மா. ஹேச்சரில வேற வேலை இருந்தாக் கேளுங்க. கூட்டற வேலையா இருந்தாலும் செரி."

"ஆடி முடிஞ்சா போயித்தான ஆவோணும் கண்ணு?"

"போனா ஒரு நாளைக்கு அவன் என்னையக் கொன்னுபோடுவான்."

"அவன் இவன்னு பேசாத. கட்டுனவரு."

விரலைக் காட்டினாள். கதவில்தான் மாட்டியதாம். கதவைச் சாத்தியது அவராம். போனில் என்னோடு சிரித்துப் பேசினாளாம், அதற்கு. இன்னும் என்னென்னவோ சொன்னாள். அதையெல்லாம் எழுத வேண்டாம்.

நான் சொன்னேன், "உங்கப்பா அடிக்காத அடியா? நான் எங்காச்சும் போனனா? தாங்கிக்கிட்டனல்ல? இன்னைக்கு நீ படிச்சு நிக்கறயல்ல?"

"நீங்க தாங்குனதப் பாத்துத்தானுங்கம்மா வளந்தேன். அதுனாலதான் மொத அடி உளுந்தப்ப எனக்கு ஒண்ணுமே தோணுல. எல்லா ஊட்லயும் இப்பிடித்தான்னு இருந்துபோட்டேன். மூணு மாசம் ஆச்சு, இது தப்புன்னு தெரியறதுக்கே."

முதல் வாக்கியத்தைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன். மற்றதைக் கேட்டதும் குனிந்து கல் பொறுக்கினேன். அரிசியில் கல் நிறைய இருந்தது.

ஆகஸ்ட் 14, திங்கள்

முதலாளி எல்லோரையும் கூப்பிட்டுப் பேசினார். தாய்க்கோழி வம்சத்தையே மாற்றச் சொல்கிறார் டாக்டர். அந்தப் பழைய வைரஸ் இல்லாத தாய்க்கோழிகளை இறக்க வேண்டுமாம். அவற்றின் குஞ்சுகளுக்குச் சேவலானாலும் பெட்டையானாலும் சிறகு ஒரே மாதிரி இருக்கும். குஞ்சின் பின்புறத்தை அழுத்திப் பார்த்து எது சேவல் என்று சொல்ல வெளியிலிருந்து ஆள் வரவேண்டும். எங்கள் எட்டுப் பேர் கண்ணுக்கும் வேலை இல்லை, டிரே கழுவலாம்.

எழுந்து கேட்டேவிட்டேன். "இருவத்தாறு வருசமா இதே கோழிதானுங்களே. அப்ப ஆகாதது இப்ப என்னங்க ஆயிப்போச்சு?"

டாக்டர் என்னைப் பார்த்துச் சொன்னார், "அப்பவும் செத்துக்கிட்டுதான் இருந்துச்சு அக்கா. வேற வீட்டுல போய்ச் செத்ததால நமக்குத் தெரியல."

பண்ணை என்று சொல்லாமல் வீடு என்று சொன்னார். தூத்துக்குடிப் பக்கம் அப்படிச் சொல்வார்களோ என்னவோ.

ஆகஸ்ட் 17, வியாழன்

ஆடி கடைசி நாள். என் அண்ணனிடம் போனில் கேட்டேன். "பேசி அனுப்பி வெய்யி, பொண்ணு ஊட்ல இருந்தா ஊரு என்ன சொல்லும்?" என்றார். சம்பந்தியம்மாவிடமும் பேசினேன். "அவன் கொஞ்சம் முன்கோவிங்க, நாங்க பாத்துக்கறோம்" என்று அந்தம்மா சொன்னது. இதற்கு மேல் என்ன உத்தரவாதம் வேண்டும்?

பிரவீணா துணி மடித்தாள். நானும் மடித்தேன்.

ஆகஸ்ட் 18, வெள்ளி

ஆவணி ஒன்று. கொண்டுபோய் விட்டுவிட்டேன்.

அழுவாள், பிடிவாதம் பிடிப்பாள் என்று பயந்துகொண்டே போனேன். ஒன்றும் இல்லை. பஸ்ஸில் என் போனை வாங்கி எதையோ பார்த்துக்கொண்டு, கண்ணை மூடி வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தாள். மறுபடி பார்ப்பாள், மறுபடி சொல்வாள். சின்ன வயதில் வாய்ப்பாடு சொல்வது அப்படித்தான் இருக்கும். சாமி பாட்டு மனப்பாடம் செய்கிறாள் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

பழம், பூ, மைசூர்பாகு எல்லாம் தட்டில் வைத்துக் கொடுத்தேன். காபி கொடுத்தார்கள். மாப்பிள்ளை கேட் வரைக்கும் வந்து, "இனி நான் பாத்துக்கறனுங் அத்தை" என்றார். திரும்பிப் பார்த்தபோது பிரவீணா வாசலில் இல்லை, உள்ளே போயிருந்தாள். மறுபடி கூப்பிட்டுச் சொல்லிவிட்டு வரலாமா என்று நினைத்தேன். பஸ் வந்துவிட்டது.

ஆகஸ்ட் 21, திங்கள்

பொரிப்பு முப்பத்தோராயிரம். கை கைபாட்டுக்கு ஓடியது. போன் போட்டேன், மாப்பிள்ளை எடுத்தார், அவள் குளிக்கிறாள் என்றார்.

ஆகஸ்ட் 24, வியாழன்

போன் போட்டேன். குளிக்கிறாளாம்.

ஆகஸ்ட் 26, சனி

காலை ஏழு மணிக்கு மாப்பிள்ளை கூப்பிட்டார். "உங்க பொண்ணு அங்க வந்தாளா? நேத்து சாயங்காலத்துல இருந்து காணமுங்க." அத்தை என்று சொல்லவில்லை.

நான் முதலில் என்ன செய்தேன் என்று எழுதிவைக்க வேண்டும். மாப்பிள்ளையைச் சமாதானப்படுத்தினேன். "கோவிச்சுக்காதீங்க மாப்பிள்ளை, வந்தா நானே கூட்டியாந்து விட்டுடறேன்" என்றேன். போனை வைத்த பிறகுதான் கிணறு, ரயில், விஷம் என்று வரிசையாக மனதில் வந்தது. அண்ணன் வீடு, காலேஜ் சிநேகிதிகள் வீடு எல்லாம் கேட்டாயிற்று. யாருக்கும் தெரியவில்லை.

ஆகஸ்ட் 27, ஞாயிறு

உலை வைக்கவில்லை.

ஆகஸ்ட் 28, திங்கள்

பொரிப்பு முடிந்ததும் டாக்டர் பெனிட்டா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"பிரவீணா நல்லா இருக்கா அக்கா. மனப்பாடமா வச்சிருந்த என் நம்பருக்குப் பக்கத்து வீட்டு போன்ல இருந்து பேசினா. நான்தான் போய்க் கூட்டிட்டுப் போனேன். உயிரோட இருக்கேன்னு மட்டும் அம்மாகிட்ட சொல்லிருங்கன்னா."

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு எங்கே இருக்கிறாள் என்று கேட்டேன். சொல்ல மாட்டேன் என்று தலையாட்டினார் டாக்டர்.

"மாப்பிள்ளைக்குச் சொல்ல வேண்டாம், செரி. எனக்குச் சொல்லுங்க. நான் அவளப் பெத்தவளுங்க."

"உங்ககிட்டதான் அக்கா முக்கியமா சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்கா." என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "அவன் வந்து அழுதா அம்மா எடத்தச் சொல்லிருவாங்கன்னா."

விரல் எலும்பு முறிந்து கோணலாக ஒட்டியிருக்கிறதாம். மறுபடி உடைத்துத்தான் சரிசெய்ய வேண்டுமாம். ஆபரேஷனுக்கு நாள் குறித்திருக்கிறார்களாம். நான் கூட வருகிறேன் என்றேன். கேட்டுச் சொல்கிறேன் என்றார். என் மகளைப் பார்க்க நான் ஒரு கோழி டாக்டரிடம் உத்தரவு வாங்க வேண்டியிருக்கிறது.

வீட்டுக்கு வந்தும் ஆறவில்லை. நான் சொல்லிவிடுவேனாம். பத்து மாதம் சுமந்தவள் காட்டிக்கொடுப்பேனாம். எந்த உலகத்தில் நடக்கும் இது? அந்த டாக்டர்தான் பிள்ளையின் மனதைக் கலைத்துவிட்டது.

ஆகஸ்ட் 31, வியாழன்

பொரிப்பு இருபத்தொன்பதாயிரம். என் கையில் நாலாயிரம்தான். ஆபரேஷன் முடிந்ததாம், விரல் மடங்கும் என்றார்களாம். நான் வர வேண்டாம் என்றாளாம்.

செப்டம்பர் 3, ஞாயிறு

மாப்பிள்ளை வந்தார். தனியாகத்தான் வந்தார். நாலு நாள் தாடி. வந்தவர் உட்காரக்கூட இல்லை, என் காலில் விழுந்தார். "தப்புப் பண்ணிப்போட்டனுங் அத்தை. இனிமே அவ மேல கை வெக்க மாட்டனுங். எங்க அம்மா சாப்புடாமக் கெடக்குறாங்க. எடத்த மட்டும் சொல்லுங், நான் போய்க் கூட்டியாந்தர்றேன்" என்று தேம்பித் தேம்பி அழுதார். ஆம்பிளை அழுது பார்க்க எனக்குச் சகிக்காது. எழுப்பி உட்கார வைத்தேன். சோறு போட்டேன். சாப்பிட்டார். மோர் இன்னும் கொஞ்சம் கேட்டார், ஊற்றினேன். விரலைப் பற்றி நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை.

கை கழுவிவிட்டு வந்து மறுபடி கேட்டார். "உங்களுக்குத் தெரியாம இருக்காதுங் அத்தை."

நான் வாயைத் திறந்துவிட்டேன். "அவ வந்துங்க மாப்பிள்ளை" என்று ஆரம்பித்தும்விட்டேன். அதற்குப் பிறகுதான், சொல்வதற்கு என்னிடம் இடம் எதுவும் இல்லை என்பது ஞாபகம் வந்தது. "சத்தியமாத் தெரியாதுங்க" என்றேன். நம்பிக்கொண்டு போனார்.

அவர் போய் மூன்று மணி நேரம் ஆகிறது. ஊர் பேர் தெரிந்திருந்தால் இன்று சொல்லியிருப்பேன். தெரு தெரிந்திருந்தால் தெருவும் சொல்லியிருப்பேன். சோறு போட்ட கையோடு, பஸ் நம்பர் முதற்கொண்டு சொல்லி அனுப்பியிருப்பேன். இன்று காலை வரைக்கும் எனக்கே தெரியாத இது, பிரவீணாவுக்கு முன்பே தெரிந்திருக்கிறது.